பெயர் மறைத்துச் சென்ற பெருங்கவிஞர்

செருமனிய மகாகவி கதே 1749 ஆம் ஆண்டு பிராங்பேட் நகரிலே பிறந்தார். அவர்தம் இல்லத்திலே உரோமாபுரியின் காட்சிகள் சித்திரங்களாகத் தொங்கின. தந்தையார் இளமையில் இத்தாலி சென்று மீண்டவர். அந்நாட்டின் புகழை மனையிலே ஓயாது பேசியவர். மைந்தருக்கோ அதனைக் காணும் பேறு முப்பத்தேழாம் வயதிலேதான் வாய்த்தது.

1774 இல் வெளிவந்த வேர்தர் என்னும் நவீனம் அவர் பெயரை ஐரோப்பா எங்கணும் பரப்பிற்று. மறு ஆண்டு வைமார்ச் சிற்றரசை அடைந்தார். சுரங்கம், பெருந்தெரு, படை, நிதி எனச் சுமைகள் ஒவ்வொன்றாய் அவர் தோளில் ஏறின. தொடங்கிய நாடகங்கள் முற்றுப்பெறாது கிடந்தன. பதவி கவிஞரை விழுங்கிக்கொண்டிருந்தது. 1786 செத்தெம்பர் 3 ஆம் நாள், விடியுமுன் மூன்று மணிக்கு, கார்ல்சுபாத்து நகரிலே செல்லுமிடத்தை நண்பர்க்கும் உரையாது வண்டி ஏறினார். மெல்லர் என்னும் பெயர் பூண்ட ஓர் ஓவியராகவே இத்தாலி புகுந்தார்.

கார்தா ஏரிக்கரையிலே பாழடைந்த கோட்டையொன்றை வரைந்தபோது ஊரார் சூழ்ந்து ஒற்றரென ஐயுற்றனர். வரைந்த தாளும் கிழிக்கப்பட்டது. பிராங்பேட்டில் முன்னர் வேலை செய்த ஒருவர் அவருக்காகப் பேசியதனால் இடுக்கண் நீங்கிற்று. வெனிசிலேதான் முதன்முதற் கடலைக் கண்டார். முப்பத்தேழு ஆண்டு கடல் காணாதிருத்தல் நம் தீவினர்க்கு விளங்குதல் அரிது! கற்சுவரிலே நண்டுகள் சிப்பியைக் கவர முயலும் விளையாட்டை நின்று நோக்கினார். கலைக்குப் பேர்போன புளோரன்சிலோ மூன்று மணி நேரமே தங்கினார். உரோமாபுரி அவரை அத்துணை ஈர்த்தது. அங்கே இபிகேனியா நாடகத்தைச் செய்யுள் வடிவிலே முடித்தார்.

1787 இல் நேப்பிள்ஸ் நகரை அடைந்து, வெசூவியசு எரிமலைமேல் மும்முறை ஏறினார். சிசிலிக்குக் கப்பலேறியவர் கடல்நோயால் வாடிப் படுத்திருந்தே தாசோ நாடகத்தைச் சிந்தித்தார். பலேர்மோவின் சலாதுக் கீரை பால்போற் சுவைத்ததென்று குறித்தார். கிர்கெந்தியிலே விடுதி இன்மையால் ஒரு குடும்பத்தாருடன் தங்கினார். அம்மனைப் பெண்கள் உயர்ந்த கோதுமை மாவை விரல்நுனியால் நத்தைபோற் சுருட்டி மக்கரோனி செய்யும் பாங்கை நுணுகிக் கண்டு எழுதினார். அதனை உண்டும் மகிழ்ந்தார்.

இவற்றைச் சிறு செய்திகளெனக் கடத்தல் தகாது. மாவின் சுருளை நோக்கிய அதே கண்தான் பலேர்மோப் பூங்காவிலே செடிகள் அனைத்துக்கும் மூலமான ஒரு வடிவத்தைத் தேடியது. 1790 இல் அவர் வெளியிட்ட தாவர மாற்றவியல் நூலுக்கு வித்து அத்தேட்டமே.

1788 யூனில் வைமார் மீண்டார். அலுவற் சுமை குறைந்தது. பழைய நட்புக்களும் குளிர்ந்தன. பயணக் குறிப்புக்கள் நூலாக உருப்பெறுவதற்கு 1816 வரை சென்றது.

தந்தை, பாட்டனார் வழியிலே மைந்தர் அவுகுஸ்தும் 1830 இல் இத்தாலி சென்றார். அவ்வாண்டு ஒக்ரோபரிலே உரோமாபுரியில் இறந்தார். முதிய கவிஞர் 1832 மார்ச்சு வரை உயிர்வாழ்ந்தார். செத்தியசுக் கூர்ங்கோபுரத்தின் அருகே மைந்தர் துயிலும் கல்லறையிலே அவருடைய சொந்தப் பெயர் பொறிக்கப்படவில்லை. தந்தைக்கு முந்திச் சென்ற கதேயின் மகன் என்னும் குறிப்பு உண்டு.