பனி மேல் ஒரு மெக்கானிக்

டெல்லி மெட்ரோவில் நீங்க போயிருந்தா, பாம்பார்டியர் கம்பெனி செய்த பெட்டியில் உட்கார்ந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ரயில், விமானம் என்று பெரிய பெரிய வேலைகளைச் செய்த கனடா கம்பெனி அது. ஆனா அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் தன் வாழ்நாளில் ரயிலும் செய்யவில்லை, விமானமும் செய்யவில்லை. கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்ற சின்ன ஊரில் கேரேஜ் வைத்திருந்தவர் அவர். ஜோசப் ஆர்மான் பொம்பார்டியே. பிரெஞ்சு பேசும் அவங்க ஊரில் பெயரை அப்படித்தான் சொல்வாங்க. இன்றைக்கு ஸ்னோமொபைல் என்றாலே முதலில் நினைவுக்கு வரும் ஸ்கி-டூ வண்டி அவருடையது.

கடற்கரை மணல்ல பைக் ஓட்டிப் பார்த்திருக்கீங்களா? பின்சக்கரம் பள்ளம் தோண்டிக்கிட்டு உள்ளே போகும். ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. ஆழமான பனியிலும் இதே ரெண்டு பிரச்சினைதான். வண்டி புதையாமல் முன்னே போகணும், சொன்ன பக்கம் திரும்பவும் செய்யணும். பொம்பார்டியே தன் வாழ்க்கையில் பெரும்பகுதியை இந்த ரெண்டுக்காகத்தான் செலவழித்தார்.

அவர் பிறந்தது 1907 ஏப்ரல் 16. எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். அந்தக் காலத்தில் கியூபெக் கிராமங்களில் பனி விழுந்தால் சாலைகள் மாசக்கணக்கில் மூடிக் கிடக்கும். கார் வைத்திருந்தவங்க அதைக் கொட்டகையில் நிறுத்திட்டு, குதிரை இழுக்கும் சறுக்கு வண்டிக்கு மாறிவிடுவாங்க. சின்ன வயதிலேயே பழைய கடிகாரப் பாகங்களை வைத்து ஓடுகிற பொம்மை செய்த பையன் ஆர்மான். கையில் கிடைப்பதையெல்லாம் கழற்றிப் பார்க்கிற பிள்ளைக்கு, அப்பா ஒரு பழைய ஃபோர்டு மாடல் டி இன்ஜினைக் கொடுத்தார்.

1922 டிசம்பர் 31. ஆர்மானுக்கு வயது 15. ஒரு சறுக்கு வண்டியின் பின்பக்கம் அந்த இன்ஜினை ஏற்றி, மரத்தில் கையாலேயே செதுக்கிய புரொபெல்லரை மாட்டினான். தம்பி லெயோபோல் முன்னால் உட்கார்ந்து திசை பார்த்துக்கொள்ள, பெரிய சத்தத்தோடு வண்டி ஊருக்குள் ஓடியது. மூடி எதுவும் இல்லாமல் பின்னால் சுழலும் புரொபெல்லரைப் பார்த்த அப்பா, உடனே கழற்றிப் போடச் சொல்லிவிட்டார். எந்த சேஃப்டி ஆபீசரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

வீட்டில் அவனைப் பாதிரியாராக்கத்தான் செமினரியில் படிக்க வைத்தாங்க. அதை விட்டுவிட்டு மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ளப் போனான். 1926ல், 19 வயதில், வால்கோர்ட்டில் சொந்த கேரேஜ் திறந்தார். வெயில் காலத்தில் கார் ரிப்பேர், குளிர்காலத்தில் பனி வண்டி ஆராய்ச்சி.

அவர் தொடங்கியபோது இந்தத் துறை காலியாக இருந்தது என்று நினைச்சுடாதீங்க. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் விர்ஜில் வைட் என்பவர் 1920களிலேயே மாடல் டி காருக்கு ஒரு கிட் விற்றுக்கொண்டிருந்தார். முன்சக்கரத்தைக் கழற்றி ஸ்கீ மாட்டணும், பின்னால் கூடுதல் சக்கரம் சேர்த்து அதைச் சுற்றிச் சங்கிலி போல ஒரு டிராக் போடணும். கார் வாங்கிய பிறகு தனியாக வாங்கி மாட்டும் ஸ்கீ அது. பொம்பார்டியே கேட்ட கேள்வி வேற: காரைப் பனிக்கு ஏற்ற மாதிரி மாற்றுவதை விட, பனிக்காகவே ஒரு வண்டி செய்தால் என்ன?

அவர் மனசில் இருந்தது ஒருவரோ இருவரோ போகிற சின்ன வண்டி. பல மாடல் செய்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் இன்ஜின்தான் இடித்தது. அன்றைக்குக் கிடைத்த கார் இன்ஜின்கள் அவ்வளவு கனம். எடை கூடினால் வண்டி புதையும். புதைந்த வண்டியை இழுக்க இன்னும் பெரிய இன்ஜின் வேணும். அதுக்கு இன்னும் எடை. நம்ம டிசைன் ரிவ்யூவில் வருமே, ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுவது, அதே கதை.

1934 குளிர்காலத்தில் அவருடைய ரெண்டு வயது மகன் இவோனுக்கு அப்பெண்டிசைட்டிஸ் வந்து வயிற்றுக்குள் தொற்று பரவியது. மருத்துவமனை சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி. சாலை முழுக்கப் பனி. கேரேஜில் இருந்த பனி வண்டி ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துவிட்டது.

மகன் இறந்ததால்தான் ஸ்னோமொபைல் பிறந்தது என்று சுருக்கிச் சொல்லும் வீடியோக்களை நீங்க பார்த்திருக்கலாம். அது பாதிதான் சரி. அதற்கு முன்பே பத்து வருஷத்துக்கு மேலாக அவர் அந்த வேலையில்தான் இருந்தார். அந்தப் பத்து வருஷ வேலை, தேவைப்பட்ட ராத்திரியில் கைகொடுக்கவில்லை. அந்த வலி எப்படிப்பட்டதுன்னு நான் எழுதத் தேவையில்லை.

1935ல் வழி கிடைத்தது. ரப்பர் பூசிய பல்சக்கரம், அதாவது ஸ்ப்ராக்கெட். அது சுழற்றும் ரப்பர் பட்டை, பட்டையின் குறுக்கே இரும்புச் சட்டங்கள். வெறும் இரும்புப் பல்லாக இருந்தால் நடுவில் பனி சேர்ந்து கட்டியாகி, டிராக் வழுக்கும், கழன்றும் போகும். ரப்பரில் அந்தத் தொல்லை குறைவு. அகலமான பட்டை எடையைப் பரப்பிவிடும், அதனால் வண்டி பனியின் மேலேயே நிற்கும். தள்ளுவது பின்னால் டிராக், திருப்புவது முன்னால் ரெண்டு ஸ்கீ. 1937ல் பேட்டன்ட் கிடைத்தது.

கூடவே இன்னொரு முடிவையும் எடுத்தார். சின்ன வண்டிக்கு ஏற்ற இன்ஜின் உலகத்தில் இன்னும் வரவில்லை. சரி, இருக்கும் இன்ஜினுக்கு ஏற்ற பெரிய வண்டியைச் செய்வோம். அப்படி வந்தது ஏழு பேர் போகும் பி7. பெயரில் உள்ள பி அவருடைய பெயரின் முதல் எழுத்து, 7 ஆட்களின் எண்ணிக்கை. அடுத்து, வட்ட ஜன்னல்கள் வைத்த பி12. டாக்டர்கள், பாதிரியார்கள், தபால்காரர்கள் வாங்கினாங்க. ஆம்புலன்ஸாகவும் பள்ளி வண்டியாகவும் ஓடியது. இவோனுக்குக் கிடைக்காத வண்டி மற்ற வீட்டுக் குழந்தைகளுக்குக் கிடைத்தது.

1942ல் முறையான கம்பெனியாகப் பதிவு செய்தார். உலகப் போரின்போது ராணுவத்துக்கும் பனி வண்டிகள் செய்து கொடுத்தார். போர் முடிந்து நல்லா ஓடிக்கொண்டிருந்த வியாபாரத்துக்கு 1948 வாக்கில் அடி விழுந்தது. கிராமச் சாலைகளிலும் பனியை அள்ளிச் சுத்தம் செய்ய கியூபெக் அரசு முடிவெடுத்தது. மக்களுக்கு நல்ல செய்தி, அவருக்கு விற்பனை சரிவு. சாலை இருந்தால் பனி வண்டி எதுக்கு? அவர் சாலையே இல்லாத இடங்களைத் தேடிப் போனார். சதுப்பு நிலத்திலும் காட்டிலும் ஓடும் மஸ்கெக் டிராக்டர் 1953ல் வந்தது. 1957-58ல் அண்டார்டிகாவைக் குறுக்கே கடந்த காமன்வெல்த் பயணக் குழு எடுத்துப்போன வண்டிகளில் ஒரு மஸ்கெக்கும் இருந்தது.

1950களின் கடைசியில், அவர் காத்திருந்த சின்ன, எடை குறைந்த இன்ஜின்கள் சந்தைக்கு வந்தன. மகன் ஜெர்மேனோடு சேர்ந்து, உள்ளே இரும்புக் கம்பிகள் வைத்த, ஒட்டு இல்லாத முழு ரப்பர் டிராக் ஒன்றையும் அதற்குள் தயார் செய்திருந்தார். 1959ல் ஸ்கி-டூ. 7 குதிரைத்திறன் இன்ஜின், முன்னால் ஐந்தடி நீள மர ஸ்கீக்கள், வேகம் மணிக்கு சுமார் 40 கிலோமீட்டர். முதல் மாதிரிகளில் ஒன்று வடக்கு ஒன்டாரியோவில் வேலை பார்த்த ஒரு மிஷனரிப் பாதிரியாருக்குப் போனது. நாய்கள் இழுத்த வண்டிக்குப் பதிலாக இது. 15 வயதில் தொடங்கிய சின்ன வண்டி, அவருடைய 52வது வயதில்தான் கைக்கு வந்தது.

இன்றைக்கு ஸ்கி-டூ ஓட்டுபவர்கள் கம்பெனி கொடுத்த ஸ்கீயைக் கழற்றிவிட்டு வேறு வாங்கி மாட்டுவது சகஜம். மரம் போய் பிளாஸ்டிக் வந்துவிட்டது. ஆனா கேள்வி பழசுதான்: மிதக்கணுமா, பிடிக்கணுமா? மலையில் இடுப்பளவு புதுப் பனி என்றால் அகலமான ஸ்கீ, அது மேலே மிதக்கும். இறுகிய பாதை என்றால் அடியில் ஆழமான கீல் உள்ளது, அது பனியைக் கீறிப் பிடித்துத் திருப்பும். கீலுக்கு அடியில் கார்பைடு பதித்த கம்பி வைத்தால் ஐஸிலும் பிடிக்கும். பிடிப்பு அளவுக்கு மீறினால் ஹேண்டில் கனக்கும், முன்னே போன வண்டிகளின் தடத்துக்குள் ஸ்கீ தானாக இழுத்துக்கொண்டு போகும். எல்லா இடத்துக்கும் சரியான ஒரே ஸ்கீ கிடையாது. எங்கே ஓட்டுவீங்க என்று முதலில் முடிவு பண்ணணும்.

1964 பிப்ரவரி 18 அன்று புற்றுநோயால் பொம்பார்டியே இறந்தார். வயது 56. ஸ்கி-டூ ஆயிரக்கணக்கில் விற்கத் தொடங்கிய நேரம் அது. ரயிலும் விமானமும் அவருக்குப் பிறகு வந்தவர்கள் செய்தவை. அவர் தொடங்கிய கேரேஜ் வால்கோர்ட்டில் மியூசியத்தின் பகுதியாக இன்னும் இருக்கு.

நம்மில் நிறைய பேர் லேப்டாப்பில் பாதியில் நிற்கும் ஒரு புராஜெக்ட் இருக்கும். வேண்டிய பாகம் கிடைக்கலை, பட்ஜெட் பத்தலை, ஏதோ ஒரு காரணம். பொம்பார்டியேவும் தன் சின்ன வண்டியைத் தள்ளித்தான் வைத்தார். ஆனா காத்திருந்த அந்த வருஷங்களில், கையில் இருந்த இன்ஜினுக்கு என்ன வண்டி பொருந்துமோ அதைச் செய்து ஊருக்கு ஓட்டிக்கொடுத்தார். உங்க ஃபோல்டரை ஒருமுறை திறந்து பாருங்க. இப்போ இருக்கிறதை வைத்து அதில் எது ஓடும்?