பிரவுனி ரெசிபியில் கேட்கும் அந்த 1 ஸ்பூன் காபி பவுடர்... பின்னணியில் இருக்கும் 'இன்னொரு' ஜார்ஜ் வாஷிங்டன் யார்?

வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரவுனி செய்யலாம்னு ஆசையா இறங்குவோம். மைதா, கோகோ, வெண்ணெய், முட்டை எல்லாம் எடுத்து வெச்சாச்சு. பட்டியலின் கடைசியில் ஒரு வரி இருக்கும்: இன்ஸ்டன்ட் எஸ்பிரசோ பவுடர், 1 டீஸ்பூன். தெருமுனைக் கடையில் கேட்டால் அப்படி ஒண்ணு இருப்பதே தெரியாது என்பார்கள். சூப்பர் மார்க்கெட்டிலும் பல நேரம் கிடைக்காது.

அது இல்லாமல் கேக் நல்லா வருமா? அதற்குப் பதிலா என்ன போடலாம்? இதற்கான பதில், காபியைத் தூளாக்கிக் கடைக்குக் கொண்டுவந்த ஒருவரின் வாழ்க்கையோடு சேர்ந்தே இருக்கிறது. அவர் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன். அமெரிக்காவின் முதல் அதிபர் இல்லைங்க, இவர் வேற!

யார் இந்த ஜார்ஜ்?

முழுப் பெயர் ஜார்ஜ் கான்ஸ்டன்ட் லூயிஸ் வாஷிங்டன். 1871-ல் பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் நகரில் பிறந்தார். அப்பா ஆங்கிலேயர், அம்மா பெல்ஜியத்தைச் சேர்ந்தவர். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர், திருமணத்துக்குப் பிறகு 1890-களின் இறுதியில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடியேறினார்.

வந்த உடனே காபியில் இறங்கவில்லை. கேஸ் விளக்குக்கான மேண்டில் தயாரித்தார். கேமரா தொழிலிலும் கொஞ்ச காலம் இருந்தார். 1906 வாக்கில் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவுக்குப் போய் மாட்டுப் பண்ணை வைத்தார். காபி விளையும் பூமி அது. அவர் வாழ்க்கை திரும்பியதும் அங்கேதான்.

காபி கூஜாவின் மூக்கில் வழிந்த காபி காய்ந்து, பொடியாக ஒட்டியிருப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு ஐடியா வந்தது என்று ஒரு கதை உண்டு. உண்மையோ, பின்னாளில் சேர்த்துச் சொன்னதோ, அடுத்த சில ஆண்டுகளில் அவர் நியூயார்க் திரும்பி இந்த வேலையில்தான் முழுமூச்சாக இறங்கினார்.

இவர்தான் முதல் ஆளா?

இல்லை. இந்த முயற்சிக்கு அவருக்கு முன்பே நீண்ட வரலாறு இருக்கிறது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போதே காபி, பால், சர்க்கரை மூன்றையும் சுண்டக் காய்ச்சி, குழம்பு மாதிரி ஆக்கி வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பார்க்க வண்டி மசகு போல இருந்த அதை வீரர்கள் குடிக்கவே மறுத்துவிட்டார்கள். திட்டம் அதோடு காலி.

பிறகு நியூசிலாந்தின் இன்வர்கார்கில் நகரில் டேவிட் ஸ்ட்ராங் என்பவர் கரையும் காபித் தூளுக்குக் காப்புரிமை வாங்கினார். ஜப்பானிய வேதியியலாளர் சடோரி கட்டோ, 1901-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நடந்த கண்காட்சியில் தன்னுடைய கரையும் காபியை மக்களுக்குக் காட்டினார். 1903-ல் அவருக்கும் காப்புரிமை கிடைத்தது.

அப்போ ஜார்ஜ் வாஷிங்டன் செய்தது என்ன? அதைப் பெரிய அளவில் தயாரித்து, வீடு வீடாகப் போய்ச் சேரும் பொருளாக விற்றுக் காட்டினார். 1909-ல் விற்பனை தொடங்கியது. 1910-ல் தன் பெயரிலேயே நிறுவனம் ஆரம்பித்தார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் தொழிற்சாலை. நாட்டின் முதல் அதிபர் பெயரே டப்பாவில் இருந்தது விளம்பரத்துக்குச் சும்மாவா கைகொடுக்கும்!

பதுங்குகுழிக்குள் போன காபி

சிக்கல் ஒன்று இருந்தது. சுவை. காபியின் வாசனை தரும் பொருள்கள் எளிதில் ஆவியாகிவிடுபவை. டிகாஷனில் உள்ள தண்ணீரை வற்றவைத்துத் தூளாக்கும்போது வாசனையில் பெரும்பகுதி தண்ணீரோடு சேர்ந்தே போய்விடும். மிஞ்சுவது கசப்பும் வறுத்த ருசியும். புதிதாகக் காபி போட்டுக் குடித்துப் பழகியவர்களுக்கு இது எப்படிப் பிடிக்கும்?

ஆனால் போர் எல்லாவற்றையும் மாற்றியது. 1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. பதுங்குகுழிக்குள் காபி வறுத்து, அரைத்து, வடிகட்டிக் குடிக்க முடியுமா? சின்ன பாக்கெட்டைப் பிரித்து வெந்நீரில் கொட்டினால் போதும், வெந்நீர் இல்லையென்றால் பச்சைத் தண்ணீரிலும் கலக்கிக் குடிக்கலாம் என்பது பெரிய வரமாக இருந்தது. குளிரிலும் சேற்றிலும் கிடந்த வீரர்கள் காபிக்கே 'ஜார்ஜ்' என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

1918-ல் ராணுவம் கேட்ட அளவு நாளொன்றுக்கு 37,000 பவுண்ட், அதாவது சுமார் 16,800 கிலோ. அப்போது நாடு முழுவதும் நாளொன்றுக்குத் தயாரானதே ஏறத்தாழ 6,000 பவுண்ட்தான். அவருடைய தொழிற்சாலையின் மொத்தத் தயாரிப்பும் ராணுவத்துக்கே போனது.

புகழின் உச்சியும் மறதியும்

போர் முடிந்ததும் அந்தப் புகழ் விற்பனைக்கு உதவியது. ஜார்ஜ் பணக்காரர் ஆனார். லாங் ஐலண்டின் பெல்போர்ட்டில் பெரிய எஸ்டேட், அதில் பறவைகளும் விலங்குகளுமாகத் தனி உலகமே வைத்திருந்தார். 1927-ல் தொழிற்சாலை நியூஜெர்சிக்கு மாறியது.

ஆனால் போட்டி வேறு திசையிலிருந்து வந்தது. பிரேசிலில் காபி விற்காமல் மலைபோல் தேங்கிக் கிடக்க, அதற்கு வழி தேடச் சொல்லி சுவிட்சர்லாந்தின் நெஸ்லே நிறுவனத்தை அணுகினார்கள். அங்கே மேக்ஸ் மார்கென்தாலர் என்ற வேதியியலாளர் பல ஆண்டுகள் உழைத்து, ருசியை இன்னும் கொஞ்சம் தக்கவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1938-ல் நெஸ்கஃபே வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்களின் கையில் அதுவும் இருந்தது.

1943-ல் ஜார்ஜின் நிறுவனம் வேறொரு பெரிய நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1946 மார்ச்சில் நியூஜெர்சியில் அவர் காலமானார். 1961-ல் அவருடைய காபி பிராண்டும் நிறுத்தப்பட்டது. அவர் பெயர் இன்றும் கடையில் இருக்கிறது, ஆனால் காபியில் இல்லை. நிறுவனம் 1930-களில் தொடங்கிய சூப் மசாலா பாக்கெட்டில்!

தோற்ற இடத்தில் ஜெயித்த தூள்

இப்போ நம்ம பிரவுனிக்கு வருவோம். எஸ்பிரசோ பவுடரும் இந்தக் குடும்பம்தான். நன்றாகக் கருக வறுத்த கொட்டையில் திக்காக இறக்கிய காபியை உலர்த்திய தூள். சாதா இன்ஸ்டன்ட் காபியைவிட ஸ்ட்ராங், சட்டென்று கரையும்.

கோப்பையில் குறையாகத் தெரிந்தது கேக்கில் குறையே இல்லை. நுட்பமான காபி வாசனை எப்படியும் ஓவன் சூட்டில் பெருமளவு போய்விடும். சாக்லேட்டுக்குத் தேவை கசப்பும் வறுத்த ருசியும்தான், அவை தூளில் அப்படியே இருக்கின்றன. அதனால்தான் ஒரு ஸ்பூன் போட்டால் காபி சுவை தெரியாமலே சாக்லேட் சுவை தூக்கலாகத் தெரிகிறது. தண்ணீர் சேராததால் மாவின் பதமும் கெடாது.

எஸ்பிரசோ பவுடர் கிடைக்கலையா? இதைச் செய்யுங்க

• சாதா இன்ஸ்டன்ட் காபி: 1 டீஸ்பூன் எஸ்பிரசோ பவுடருக்குப் பதில் ஒன்றரை டீஸ்பூன் போடலாம். கட்டியாக இருந்தால் பொடித்துக்கொள்ளவும்.

• சிக்கரி கலந்ததா என்று லேபிளைப் பாருங்க: பிரவுனி, சாக்லேட் கேக்குக்கு அது பரவாயில்லை. டிராமிசு, காபி ஐஸ்கிரீம் மாதிரி காபியே ஹீரோவாக இருக்கும் இனிப்புக்கு 100 சதவீத காபித் தூள்தான் சரி.

• திக்கான முதல் டிகாஷன்: ரெசிபியில் பாலோ தண்ணீரோ இருந்தால், அதில் சில ஸ்பூன் குறைத்துவிட்டு அதே அளவு டிகாஷன் ஊற்றலாம்.

• ஃபில்டர் காபிப் பொடியை நேரடியாகப் போடாதீங்க: அது கரையாது. மண் மாதிரி பல்லில் நறநறக்கும்.

• பால் பவுடர், சர்க்கரை கலந்த 3-இன்-1 பாக்கெட் வேண்டாம்: காபி கொஞ்சம், இனிப்பு அதிகம்.

• உருக்கிய சாக்லேட்டில் தண்ணீரில் கரைத்த காபியைச் சொட்டாதீங்க: கொஞ்சம் தண்ணீர் பட்டாலே சாக்லேட் இறுகித் திரிதிரியாகிவிடும். மாவில் சேர்க்கும் பாலில் கரைப்பதே பாதுகாப்பு.

• ஈரக் கரண்டி கூடாது: இந்தத் தூள் காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்துக் கட்டியாகிவிடும். மூடியை இறுக்கி வைக்கவும்.

எதுவுமே வீட்டில் இல்லையா? விட்டுடுங்க. சாக்லேட் ருசி கொஞ்சம் மென்மையாக இருக்குமே தவிர, பிரவுனி பிரவுனியாகத்தான் வரும். ஆனா அடுத்த முறை அந்த ஒரு ஸ்பூன் தூளைப் போடும்போது, தன் பெயரைக் காபியில் தொலைத்த அந்த ஜார்ஜை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.