கடவுளைத் தமிழில் அழைக்கச் சொல் தேடிய பாப்ரிசியஸ்

ஜெர்மனியில் 1711இல் பிறந்த யோகான் பிலிப் பாப்ரிசியஸ், 1740இல் தரங்கம்பாடிக்கு வந்தார். பின்னர் சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் இறைப்பணியாற்றினார்.

ஆலயத்தில் இறைவனை எந்தப் பெயரால் அழைப்பது என்பது அக்காலத்தில் பெரிய கேள்வி. அவருக்கு முன் வந்த சீகன்பால்கு, சருவேசுரன் என்றே எழுதினார். பாப்ரிசியஸ் தமது விவிலிய மொழிபெயர்ப்பில் பராபரன் என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார். தாயுமானவரின் பராபரக்கண்ணியும் அதே நூற்றாண்டில் பிறந்ததுதான். தமிழர் உள்ளம் ஏற்கெனவே கைகூப்பிய சொல் அது.

1779இல் தமிழ்-ஆங்கில அகராதியும் தந்தார்.

முதுமையில் கடன் சுமையால் சிறைவாசம் அனுபவித்து, 1791இல் சென்னையில் மறைந்தார். 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் அச்சொல்லின் இடத்தைத் தேவன் பிடித்தது. ஆயினும் பழைய கீர்த்தனைகளில் பராபரன் இன்றும் ஒலிக்கிறது.