தாமரை இலையில் ஒரு கடிதம்

நாமக்கல்லை அடுத்த எங்கள் பாட்டி ஊரில், சாமி அறையில் ஒரு பழைய படம் உண்டு. வெள்ளைச் சேலை உடுத்து, பாறைமேல் அமர்ந்து வீணை வாசிக்கும் கலைமகள். அதை வரைந்தவர் ராஜா ரவிவர்மா.

திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் இவர் பிறந்தார். சிறு வயதில் வீட்டுச் சுவரெல்லாம் கரியால் கிறுக்கி வைப்பாராம். மற்றவர்கள் கோபித்தபோது, மாமா ராஜராஜ வர்மா மட்டும் திறமையைக் கண்டுகொண்டு, திருவனந்தபுரத்தில் ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் அழைத்துச் சென்றார். அப்போது வயது பதினான்கு, நம்மைவிடச் சிறியவர்!

எண்ணெய் வண்ணத்தைக் கற்றுத்தர அரண்மனை ஓவியர் இராமசாமி நாயுடு மறுத்துவிட்டார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை இரவில் மறைவாக வந்து சொல்லிக் கொடுத்தார் என்பர். பின்னர் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பியரும் தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே அனுமதித்தார். பார்த்தே கற்றார் ரவிவர்மா. 1873-இல் வியன்னா கண்காட்சியில் அவருடைய ஓவியம் பரிசு பெற்றது.

எனக்கு மிகவும் பிடித்தது, 1876-இல் சென்னைக் கண்காட்சியில் வைக்கப்பட்ட சகுந்தலை ஓவியம். புல்தரையில் படுத்து, தாமரை இலையில் துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதுகிறாள். தோழியர் இருவரும் அருகில் இருக்கின்றனர். அடுத்த சொல்லைத் தேடுவது போன்ற முகம். ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு அதை விலைக்கு வாங்கினார். காளிதாசர் கதையில் அந்தக் கடிதம் போய்ச் சேரவே இல்லை. அவள் வாசிப்பதை ஒளிந்திருந்து கேட்ட அரசன் தானே வந்துவிடுகிறான். பிறகு அவளை யாரென்றே தெரியாது என்கிறான்! அவன் தந்த மோதிரமும் தொலைந்துவிட்டது. அவன் கைப்பட எழுதிய பதில் ஒன்று அவளிடம் இருந்திருந்தால், சபையில் அப்படிச் சொல்லியிருப்பானா?

ஓவியங்களை அச்சிட்டுப் பரப்பலாம் என்று யோசனை கூறியவர் கும்பகோணத்தில் பிறந்த திவான் சர் டி. மாதவராவ். 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கப்பட்டது. அரண்மனைச் சுவரில் இருந்தவை ஏழை வீட்டுக்கும் வந்தன. ஆனால் நஷ்டமும் கடனும் வளர, ஜெர்மானியரான ஷ்லைக்கரிடம் அச்சகத்தை விற்க நேர்ந்தது. உடன் வரைந்து வந்த தம்பி ராஜராஜ வர்மா 1905-இல் இறந்தார். அடுத்த ஆண்டு, 1906 அக்டோபர் 2-ஆம் நாள், ரவிவர்மாவும் மறைந்தார்.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சென்ற விடுமுறையில், படத்தின் அடியில் மங்கிப்போயிருந்த பெயரை நான்தான் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன்.