மஞ்சளும் சிவப்பும்: கென் ஆஸ்டன் கதை

நம்ம காலேஜ் கிரவுண்டா இருக்கட்டும், மதுரை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியமா இருக்கட்டும், ரெஃப்ரி பாக்கெட்டுக்குள்ள கையை விட்டாலே ரெண்டு டீமுக்கும் பக்குனு ஆகும். மஞ்சளா, சிவப்பா? இந்த கார்டெல்லாம் ஃபுட்பால் பிறந்தப்பவே பிறந்ததுன்னு நினைச்சீங்கன்னா, இல்லை மக்களே. 1970 வரைக்கும் உலகக்கோப்பையில் கார்டே கிடையாது. அதைக் கொண்டுவந்தவர், ஒரே ஒரு மேட்சால் உலகம் முழுக்க திட்டு வாங்கின ஒரு நடுவர். பேரு கென் ஆஸ்டன்.

1915-ல் இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் பிறந்தவர். தொழில், பள்ளிக்கூட வாத்தியார். 1936-ல் நடுவராகத் தகுதி பெற்றார். இரண்டாம் உலகப்போர் வந்ததும் விமானப்படைக்குப் போகப் பார்த்தார். கணுக்காலில் இருந்த காயத்தால் எடுக்கவில்லை. பீரங்கிப்படையில் சேர்ந்து, பிறகு பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கு மாறி, லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்தார். போர் முடிந்ததும் சிங்கப்பூர் சாங்கியில் போர்க்குற்ற விசாரணை மன்றத்திலும் வேலை பார்த்தார். விசிலை மறுபடி கையில் எடுத்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு பிரச்சினையைப் பார்த்தா அதுக்கு ஒரு வழி கண்டுபிடிக்காம விடமாட்டார் மனுஷன். அந்தக் காலத்தில் லைன்ஸ்மேன் கையில் உள்ளூர் டீமோட நிறத்தில்தான் கொடி இருக்கும். மூடுபனி இறங்கிட்டா கொடி இருக்கிற இடமே தெரியாது. 1947-ல் பளிச்சென்ற மஞ்சள் கொடியைக் கொடுத்துப் பார்த்தார் ஆஸ்டன். சின்ன விஷயம்தான், ஆனா வேலை செஞ்சுது.

அப்படிப்பட்டவருக்கு 1962 உலகக்கோப்பையில் வந்தது சோதனை. போட்டி நடந்த சிலி நாடு, இரண்டு வருஷம் முன்னாடி 9.5 அளவில் ஆடின பூகம்பத்தில் நொறுங்கி, அப்போதான் எழுந்து நின்னுச்சு. அந்த நேரம் பார்த்து இத்தாலியப் பத்திரிகையாளர்கள் இரண்டு பேர் சாண்டியாகோ நகரத்தைக் கேவலமா எழுதிட்டாங்க. ஊரே கொந்தளிச்சு நிக்குது. ஜூன் 2-ம் தேதி மேட்ச், சிலிக்கும் இத்தாலிக்கும். நடுவர் ஆஸ்டன்.

விசில் ஊதின சில நொடியிலேயே முதல் ஃபவுல். 12-வது நிமிஷம் இத்தாலியின் ஃபெர்ரினியை வெளியே போகச் சொன்னார் ஆஸ்டன். அவர் போகல. கடைசியில் போலீஸ் வந்துதான் இழுத்துட்டுப் போச்சு. பிறகு டேவிட் என்ற இன்னொரு இத்தாலியரும் வெளியே. ஆனா குத்துவிட்டு மாஸ்கியோவின் மூக்கை உடைத்த சிலி வீரர் லியோனல் சாஞ்செஸ் மட்டும் கடைசி வரை மைதானத்திலேயே இருந்தார். போலீஸ் திரும்பத் திரும்ப உள்ளே வரவேண்டியதாச்சு. சிலி 2-0 என்று ஜெயித்தது. அந்த மேட்சுக்கு 'சாண்டியாகோ சண்டை' என்றே பேர் நிலைச்சுப்போச்சு.

இத்தாலிக்காரங்க கோபத்தில் நியாயம் இல்லைன்னு சொல்ல முடியாது. இரண்டு பேரை அனுப்பினவர் மூன்றாவது ஆளை ஏன் அனுப்பல என்ற கேள்வி, சாகிற வரைக்கும் ஆஸ்டன் பின்னாடியே வந்தது. அந்த உலகக்கோப்பையில் அதற்குப் பிறகு அவர் எந்த மேட்சிலும் விசில் ஊதல. 1963-ல் மான்செஸ்டர் யுனைடெட்டும் லெஸ்டர் சிட்டியும் மோதிய எஃப்.ஏ. கோப்பை ஃபைனலை நடத்திக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார்.

ஆனா ஃபிஃபா அவரை விடல. 1966 உலகக்கோப்பையில் நடுவர்களைக் கவனிக்கிற பொறுப்பு அவருக்குத்தான். காலிறுதியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும். ஜெர்மன் நடுவர் கிரெய்ட்லைன், அர்ஜென்டினா கேப்டன் ரட்டினை வெளியேறச் சொன்னார். அவருக்கு ஸ்பானிஷ் வராது, இவருக்கு ஜெர்மன் புரியாது. மொழிபெயர்ப்பாளர் வேணும்னு ரட்டின் அடம் பிடிக்க, ஆட்டம் நின்னுபோச்சு. ஆஸ்டனே மைதானத்துக்குள்ள இறங்கிப் போய் பேச வேண்டியிருந்தது. இதில் இன்னொரு கூத்து: சார்ல்டன் அண்ணன் தம்பி இரண்டு பேரையும் நடுவர் எச்சரித்ததாகப் பேப்பரில் செய்தி வந்தது. அது உண்மையான்னு இங்கிலாந்து தரப்பே ஃபிஃபாகிட்ட விளக்கம் கேட்டுது!

இதையே யோசிச்சுக்கிட்டு லண்டன் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் காரில் போனப்போ, எதிரே டிராஃபிக் சிக்னல். மஞ்சள் விழுந்தா எச்சரிக்கை, சிவப்பு விழுந்தா நில்லு. எந்த மொழிக்காரனுக்கும் புரியும். (கோரிப்பாளையத்தில் மஞ்சளைப் பார்த்ததும் ஆக்ஸிலரேட்டரை முறுக்குற நம்மாளுங்க கணக்கு தனி.) அந்த ஐடியாதான் 1970 மெக்சிகோ உலகக்கோப்பையில் கார்டாக வந்தது. அந்த முறை மஞ்சள் மட்டும்தான் வெளியே வந்தது. உலகக்கோப்பையின் முதல் சிவப்பு 1974-ல், கார்லோஸ் கஸ்ஸெலி என்ற வீரருக்கு. எந்த நாட்டுக்காரர் தெரியுமா? சிலி!

ஒண்ணு மட்டும் மறந்துடக் கூடாது. 1962-ல் கார்டு இருந்திருந்தாலும் சாஞ்செஸ் தப்பிச்சிருப்பார். கண்ணில் படாத குத்துக்கு எந்தக் கலரையும் காட்ட முடியாது. அந்தக் குறைக்கு ஆஸ்டனிடம் மருந்து இல்லை. மொழி புரியாத குறைக்கு இருந்தது, அதைச் செஞ்சார். நடுவருக்கு ஏதாவது ஆனா மாற்று நடுவர் தயாரா இருக்கணும்னு அவர் சொன்னதுதான் இன்றைய நான்காவது நடுவருக்கு ஆரம்பம். ஆள் மாத்தும்போது தூக்குற நம்பர் பலகையும் அவர் கொண்டுவந்ததுதான்.

ஆஸ்டன் 2001 அக்டோபரில் காலமானார். அடுத்த வருஷமே உலகக்கோப்பையில் ஒரு தமிழ்நாட்டுக்காரர், கோமளீஸ்வரன் சங்கர், துணை நடுவராகக் கோட்டோரம் ஓடினார். அவர் கையிலும் தூரத்திலிருந்தே பளிச்சுன்னு தெரிகிற கொடி. அடுத்த ஜோனல்ஸ் மேட்சுக்குப் போனா லைன்ஸ்மேன் கையைக் கொஞ்சம் கவனிங்க.