எம்டன் கப்பற்றலைவர் கார்ல் வொன் முல்லர்

எத்தனையும் எமகாதகனையும் எம்டன் என்று சுட்டும் வழக்குத் தமிழ் மக்களிடையே நூறாண்டுக்கு மேலாக உண்டு. இச்சொல் ஒரு கப்பலின் பெயர் என்பதையும், அக்கப்பலை நடத்தியவர் எத்தரும் அல்லர், எமகாதகரும் அல்லர் என்பதையும் அறிந்தார் இன்று மிகச் சிலரே. நிறைவிழா மலருக்கு வரலாற்றுப் பெரியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, எம் மாணாக்கர் விளையாட்டிடத்தே வழங்கும் இப்பெயருக்கு உரியாரையே எடுத்துக்கொண்டோம்.

கார்ல் வொன் முல்லர் 1873ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் நாள் ஜேர்மனியின் ஹனோவர் நகரிற் பிறந்தார். தந்தையார் பிரஷ்யத் தரைப்படையில் அதிகாரியாயிருந்தவர். மைந்தரோ தரையை விட்டுக் கடலை நாடி, 1891இற் கடற்படையிற் சேர்ந்தார். பயிற்சிக் கப்பல்களிலும் போர்க் கப்பல்களிலும் படிப்படியாக உயர்ந்த அவர், கீழை ஆபிரிக்கக் கரையிற் சிறு பீரங்கிக் கப்பலொன்றிற் பணியாற்றிய காலத்தில் மலேரியாவால் பீடிக்கப்பட்டார். அந்நோய் அவரை ஆயுட்காலம் முழுவதும் விடவில்லை. 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவிக்கும் முன்னர், வன்னிக் காடுகளிற் குடியேறிய எம் முன்னோர் அக்காய்ச்சலோடு எவ்வாறு போராடினர் என்பதை மூத்தோர் அறிவர். ஆகவே அதன் கொடுமையை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. மெலிந்த உடல், குறைந்த பேச்சு, கூச்ச சுபாவம், கடமையில் வழுவாமை என்பனவே அவரை அறிந்தார் அவரைப்பற்றிக் குறித்துவைத்தவை.

எம்டனை நாசகாரிக் கப்பல் என்று எழுதுவாரும் உளர். அது பொருந்தாது. நாசகாரி என்பது டொர்ப்பீடோ கொண்டு விரைந்து தாக்கும் சிறிய கப்பல். எம்டனோ அதனினும் பெரிய இலகு குரூசர் வகையைச் சேர்ந்தது. டான்சிக் நகரிலே கட்டப்பெற்று 1908இல் நீரில் இறக்கப்பட்டது. 1909இற் பணி தொடங்கியது. நீளம் ஏறத்தாழ 118 மீற்றர்; 10.5 சென்ரிமீற்றர் வாயுடைய பீரங்கிகள் 10. டொர்ப்பீடோக் குழாய்கள் 2. வேகம் மணிக்கு 23 கடல்மைலுக்குச் சற்று மேல். சீனக் கரையில் ஜேர்மனியர் வசமிருந்த சிங்டாவோத் துறையே அதன் தாயகமாயிற்று. முல்லர் 1913இல் அதன் தலைவரானார். அவ்வாண்டே யாங்சி ஆற்றில் நடந்த சீனக் கலகத்தின்போது எம்டன் கரைக் கோட்டைகளைச் சுட்டது.

1914 ஓகஸ்டிற் போர் மூண்டது. ஜேர்மனியின் கீழைக் கடற்படைப் பிரிவுக்குத் தலைவரான அட்மிரல் ஸ்பே, பசுபிக் சமுத்திரத்தில் பாகன் தீவருகே தம் கப்பற்றலைவர்களைக் கூட்டி ஆலோசித்தார். பிரிவு முழுவதும் தென்னமெரிக்கக் கரைநோக்கிச் செல்வதென முடிவாயிற்று. தனிக் கப்பலொன்றை இந்து சமுத்திரத்துக்கு அனுப்பவேண்டும் என்று அங்கு எடுத்துரைத்தவர் முல்லரே. அப்பொறுப்பும் அவர்மீதே விழுந்தது.

அப்பொறுப்பின் கடுமையை உணரவேண்டுமாயின் நிலக்கரியை நினைத்தல் வேண்டும். அக்காலக் கப்பல்கள் நிலக்கரியால் ஓடியவை. இந்து சமுத்திரத்திலோ துறைமுகங்கள் பெரும்பாலும் பகைவர் வசம். எனவே எம்டன், மார்க்கொமன்னியா என்னும் துணைக் கப்பலிற் கொணர்ந்த கரியையும், பிடித்த கப்பல்களிற் கிடைத்த கரியையுமே நம்பி உலாவியது. தனித் தீவுகளின் ஒதுக்கிலும், சில வேளை நடுக்கடலிலும், மாலுமிகள் கொளுத்தும் வெயிலிற் கரிமூட்டைகளை ஏற்றினர். கரி வைக்கும் அறைகள் நிரம்பியபின் மேற்றளத்திலும் குவித்தனர். எம்டனின் இரண்டு மாத வரலாறு பாதிக்குமேல் கரி தேடிய வரலாறே எனலாம். பிரித்தானியக் கப்பலென்று தோன்றும்பொருட்டு, மூன்று புகைபோக்கிகளுடன் பொய்யான நாலாவதொன்றையும் கப்பலில் நிறுத்தினர்.

செப்டெம்பர் 10ஆம் நாள் தொடங்கி, வங்காள விரிகுடாவிற் கல்கத்தா வழியிற் சென்ற கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அகப்பட்டன. இந்தஸ், லொவட், கில்லின், தேயிலை ஏற்றிச் சென்ற டிப்ளொமட் முதலியன மூழ்கடிக்கப்பட்டன. ஆயினும் மூழ்கடிக்குமுன் அவற்றிலிருந்தோர் அனைவரும் தம் உடைமைகளுடன் இறக்கப்பட்டனர். கபிங்கா என்னுங் கப்பலில் அதன் தலைவரின் மனைவியும் குழந்தையும் இருந்தமையால், முல்லர் அதனை மூழ்கடியாது, பிடிபட்டோர் யாவரையும் அதிலேற்றி விடுவித்தார். பிரிந்து செல்கையில் அம் மாலுமிகள், தம் கப்பல்களை அழித்தவரை மும்முறை ஆரவாரித்து வாழ்த்தினர்.

செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் முன் வந்தது. நகரில் விளக்குகள் எரிந்தன, வெளிச்சவீடும் வழிகாட்டியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தாங்கிகளை நோக்கி, அரை மணிக்கும் குறைந்த நேரத்தில் ஏறத்தாழ 130 குண்டுகள் சுடப்பட்டன. இரண்டு தாங்கிகள் தீப்பற்றின. மூன்றிலட்சம் கலனுக்கு மேற்பட்ட மண்ணெண்ணெய் எரிந்தது. கரைப் பீரங்கிகள் விடையிறுக்கத் தொடங்கியபோது எம்டன் இருளில் மறைந்தது. அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினர். எம்டன் என்னும் பெயர் தமிழ்ச் சொல்லானது அப்போதுதான்.

முல்லரின் கருத்து எண்ணெயை அழித்தலும், பிரித்தானியரின் மதிப்பைக் குடிமக்கள் கண்முன் குலைத்தலுமே. மக்களைக் கொல்லுதல் அன்று. இருந்தும் சிலர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். முல்லரைப் புகழ்ந்தெழுதிய நூல்கள் இவர்களை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன. அது எமக்கு உடன்பாடன்று. 2009இல் முல்லைத்தீவுக் கரையிலே எறிகணைகளுக்கிடையிற் பதுங்குகுழிகளிற் கிடந்தோரின் பிள்ளைகள் எம் வகுப்புகளில் இருக்கின்றனர். அவர்களுக்குச் சென்னையின் அந்த இரவை வீரக்கதையாக மட்டும் யாம் சொல்லுதல் இயலாது. துறைமுகத்தில் இறந்தவர்கள் எண்ணெய்த் தாங்கிகளுக்கு உடையவர்களும் அல்லர்; போரைத் தொடங்கியவர்களும் அல்லர்.

சென்னையிலிருந்து எம்டன் தெற்கே திரும்பி, இலங்கையின் கீழ்க்கரைக்கு அப்பாலாகச் சென்று தென்முனையைச் சுற்றியது. செப்டெம்பர் 25ஆம் நாள் கிங் லட் என்னுங் கப்பலை மூழ்கடித்தது. பின், கொழும்பின் தேடொளி விளக்குகள் வானில் வீசுவதைக் காணக்கூடிய தொலைவில், சீனி ஏற்றிச் சென்ற டைமெரிக்கையும் பிடித்து அழித்தது. முல்லருக்கு அந்நாட்களிற் கிடைத்த பெரும் பேறு பியூரெஸ்க். ஆறாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட உயர்ந்த வேல்சு நாட்டுக் கரியோடு, பிரித்தானியக் கடற்படைக்கென்றே சென்றுகொண்டிருந்த கப்பல் அது.

இலங்கைத்தீவு அந்நாளில் இரங்கூனிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த அரிசியிற் பெரிதும் தங்கியிருந்தது. எம் இரணைமடுக் குளம் அப்போது கட்டி முடியவில்லை. ஆதலால் வங்காள விரிகுடாவில் உலாவிய இந்த ஒற்றைக் கப்பல் எம் முன்னோரின் சோற்றுப்பானைக்கும் அச்சமாயிருந்தது. அச்சம் வதந்தியை வளர்த்தது. யாலைக் காட்டிற் காவலதிகாரியாயிருந்த எங்கல்பிரெக்ட் என்னும் போயர் இனத்தவர், எம்டனுக்கு இறைச்சி வழங்கினாரென்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். போரின்பின் எம்டனிற் பணியாற்றியவர்களே அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றனர். அதற்குள் அவர் வாழ்வு சிதைந்துவிட்டது.

தமிழகத்தில் மற்றொரு கதை வளர்ந்தது. விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை எம்டனிற் பயணஞ் செய்தார் என்பதே அது. கேட்க இனிமையாயினும் கொள்ளத்தக்கதன்று. அவர் அவ்வாண்டிற் சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் அரசியற் பணியில் ஈடுபட்டிருந்தார். எம்டனின் துணைத் தலைவர் ஹெல்முத் வொன் மூக்கே என்பவர். செண்பகராமனின் பெருமைக்கு எம்டன் வேண்டுவதில்லை என்பது எம் எண்ணம்.

ஒக்டோபர் தொடக்கத்தில் எம்டன் டியாகோ கார்சியாத் தீவை அடைந்தது. அங்கிருந்தோருக்குப் போர் மூண்ட செய்தியே எட்டவில்லை. ஜேர்மனியர் அதைச் சொல்லாது கப்பலைத் துப்புரவு செய்து, தீவாரின் பழுதுற்ற இயந்திரப் படகையும் திருத்திக் கொடுத்துச் சென்றனர். பின் மினிக்கோய்ப் பக்கத்திற் சில நாட்களில் ஏழு கப்பல்கள் அகப்பட்டன.

ஒக்டோபர் 28ஆம் நாள் விடியலிற் பினாங்குத் துறைக்குட் புகுந்து, அங்கு நின்ற ஷெம்சுக் என்னும் ருஷ்யக் குரூசரை டொர்ப்பீடோவால் தகர்த்தார் முல்லர். அதன் தலைவர் அவ்விரவு கரையிலே தங்கியிருந்தார். மாலுமிகளில் ஏறத்தாழத் தொண்ணூறு பேர் மாண்டனர். வெளியேறும் வழியில் எதிர்ப்பட்ட மூஸ்கே என்னும் பிரெஞ்சு நாசகாரி, தன்னினும் பெரிய பகையென்று தெரிந்தும் போரிட்டு மூழ்கியது. பகைவர் துரத்தக்கூடும் என்றிருந்தும் முல்லர் கப்பலை நிறுத்தி, நீரிற் கிடந்த பிரெஞ்சு மாலுமிகள் 36 பேரை எடுத்தார். இறந்தோருக்குக் கடலிற் படைமரியாதை செய்து, எஞ்சியோரை வழியிற் கண்ட பிரித்தானியக் கப்பலொன்றில் ஏற்றி அனுப்பினார். ஆயுதமில்லாத படகொன்றைத் தவறாகச் சுட்டதற்கும், ருஷ்ய மாலுமிகளை மீட்க இயலாமற் போனதற்கும் மன்னிப்புக் கோரிச் செய்தியும் விடுத்தார்.

நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவுகளில், கடலடித் தந்தி நிலையத்தை அழிக்க ஏறத்தாழ 50 பேருடன் மூக்கே கரையேறினார். நிலையத்தார் அதற்குள், இனந்தெரியாத கப்பல் வந்திருப்பதாகக் கம்பியில்லாத் தந்தி விடுத்துவிட்டனர். அவுஸ்திரேலிய, நியூசீலாந்துப் படைகளை ஏற்றிய கப்பற்கூட்டம் அவ்வேளை அண்மையிலே கடந்துகொண்டிருந்தது. காவலாக வந்த சிட்னி என்னும் அவுஸ்திரேலியக் குரூசர் விரைந்து வந்தது. தொலைவிற் கண்ட புகையை எம்டனார் தம் பியூரெஸ்க் என்றே கருதினர். உண்மை தெரிந்தபோது, கரையில் நின்றோரை விட்டுவிட்டுப் புறப்பட வேண்டியதாயிற்று.

முதற் சூடுகள் எம்டனுடையவை; அவை சிட்னியைத் தாக்கவுஞ் செய்தன. ஆயினும் சிட்னி பெரியது, விரைவுடையது, ஆறங்குலப் பீரங்கிகள் எட்டுக் கொண்டது. இரண்டு மணி நேரத்துக்குள் எம்டனின் புகைபோக்கிகளும் பாய்மரமும் வீழ்ந்தன; பீரங்கிகள் ஓய்ந்தன. எஞ்சியோரைக் காக்க முல்லர் கப்பலை வடகீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றினார். பியூரெஸ்க்கைத் துரத்திச் சென்று மாலையில் மீண்ட சிட்னி, எம்டனிற் கொடி இன்னும் பறத்தலைக் கண்டு, சரணடையுமாறு குறிகாட்டியது. விடை வரவில்லை, மீண்டும் சுட்டது. அதன்பின்னரே கொடி இறங்கியது. குறிகாட்டும் ஏடுகள் அழிந்துவிட்டன என்பது உண்மையே. எனினும் தோற்றபின் கொடியைப் பறக்கவிட்டமை முல்லரின் குறையென்றே யாம் கருதுகின்றோம். அதனாலும் சிலர் இறந்தனர். எம்டனில் மாண்டோர் ஏறத்தாழ 130 பேர், சிட்னியில் நால்வர்.

காயமுற்றோரையும் சிறைப்பட்டோரையும் ஏற்றிக்கொண்டு சிட்னி கொழும்புத் துறைக்குள் வந்தபோது, அங்கு நின்ற படைக்கப்பல்களில் ஆயிரக்கணக்கானோர் தளங்களிற் குழுமியிருந்தனர். காயமுற்றோர் கிடப்பதால் ஆரவாரிக்க வேண்டாமென்று சிட்னியின் தலைவர் குளொசொப் முன்னரே கேட்டிருந்தார். அனைவரும் வாய்திறவாது நின்றனர். முல்லரின் உடைவாளைப் பறிக்கலாகாதென்று பிரித்தானியக் கடற்படைத் தலைமையும் ஆணையிட்டது. பகைவரிடத்தில் இத்தகைய நடையை அவர் பெற்றது, தாம் முன்பு அவ்வாறே நடந்தமையால் என்பதில் ஐயமில்லை.

மூக்கேயின் குழுவினர் ஆயிஷா என்னும் பழைய பாய்க்கப்பலில் தப்பி, அரேபியப் பாலைநிலங் கடந்து 1915இற் கொன்ஸ்தாந்திநோப்பிளை அடைந்தது தனிக்கதை. முல்லரோ மால்ற்றாவிற் சிறைவைக்கப்பட்டார். 1916இல் இங்கிலாந்துக்கு மாற்றப்பட்டு, 1917இல் நொட்டிங்காமுக்கு அண்மையிலுள்ள முகாமிலிருந்து சுரங்கம் வழியே இருபதுக்கு மேற்பட்டோருடன் தப்பினார், விரைவிற் பிடிபட்டார். மலேரியா முற்றவே 1918இற் சிகிச்சைக்காக ஒல்லாந்துக்கும், அவ்வாண்டு ஒக்டோபரில் தாயகத்துக்கும் அனுப்பப்பட்டார். ஜேர்மனியின் உயர்ந்த போர்விருது அவருக்கு வழங்கப்பட்டது.

1919இற் கடற்படையினின்று ஓய்வுற்று பிளாங்கென்பேர்க் என்னும் ஊரில் அமைதியாக வாழ்ந்தார். 1920இல் மணம்புரிந்தார், புதல்வியர் இருவர் பிறந்தனர். பிரவுன்ஸ்வைக் மாநிலச் சட்டசபையிலும் உறுப்பினராயிருந்தார். மூக்கே முதலியோர் எம்டனைப்பற்றி எழுதிய நூல்கள் பெரும் விற்பனையாயின. தலைவரையும் எழுதுமாறு பலர் வேண்டினர். தோழர் சிந்திய குருதியைப் பணமாக்குவதாகிவிடும் என்று அஞ்சி அவர் மறுத்துவிட்டார். 1923ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் நாள், ஐம்பது வயது நிரம்புமுன்னரே, பிரவுன்ஸ்வைக் நகரிற் காலமானார்.

எம்டனில் உயிர்தப்பியோர் கப்பலின் பெயரைத் தம் குடும்பப் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் உரிமை பெற்றனர். பவளப்பாறையிற் கிடந்த உடைசலின் பெரும்பகுதி 1950களில் யப்பானியக் கம்பெனியொன்றால் வெட்டி எடுக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றச் சுற்றுமதிலில் எம்டனின் குண்டு வீழ்ந்த இடத்தைக் குறிக்கும் கல் பதிக்கப்பட்டுள்ளது. சென்னை செல்லும் எம் பழைய மாணவர் துறைமுகத்துக்கு எதிரே அதனைக் காணலாம்.