ஸர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாஸ கிருஷ்ணன்

மின்னல் கண்ணிற் பட்டபின் இடி செவியில் விழும்வரை எண்ணி, அது எவ்வளவு தூரத்தில் உண்டாயிற்றெனக் கணக்கிடுவது மாரண்டஹள்ளியில் வளர்ந்த நமக்குச் சிறு பிராயத்து விளையாட்டு. ஐந்து விநாடியானால் ஒரு மைல். ஆனால் அம்மின்னல் எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டால் விரலெண்ணிக்கை பயன்படாது. லேசர் என்னும் ஒளிக்கருவியின் துடிப்புகளோ மின்னலினும் பன்மடங்கு குறுகியவை. அவற்றை அளக்க உதவிய ஒரு திரவத்தின் இயல்பை ஆழ்ந்து ஆராய்ந்தோருள் ஒருவர் மிஷன் கலாசாலைகளிற் பயின்ற தமிழர் என்பதை மாணவ நண்பர் பலர் அறியார்.

கிருஷ்ணன் 1898ஆம் வருஷம் டிசம்பர் 4ஆம் தேதி வத்திராயிருப்பு வட்டாரத்திற் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிற் பள்ளிப் படிப்பு. பின் மதுரை அமெரிக்கன் கலாசாலை. அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலை. அங்கேயே ரஸாயனப் பயிற்சியாசிரியராக இருந்த காலத்தில், நண்பகல் ஓய்வு நேரத்தில் பௌதிகம், ரஸாயனம், கணிதம் எதிலும் மாணவர் ஐயம் கேட்கலாம் என்று ஒரு கூட்டம் நடத்திவந்தார். அக்கூட்டத்தில் ஓரமாகவேனும் அமர நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பின்னர்க் கல்கத்தா சென்று இராமனுடன் உழைத்தார். 1928இல் வெளியான புதிய ஒளிச்சிதறலின் முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் உள்ளன. 1930இன் நோபெல் பரிசு இராமனுக்கு மட்டும் கிடைத்தது. இதுபற்றி வாதிடுவோர் பலர். நாமோ அவ்விருவரும் 1927இல் வெளியிட்ட மற்றொரு கொள்கையைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

சில திரவங்களை மின்சார விசைக்குட்படுத்தினால் அவை ஒளியைத் திசைக்கேற்ப வேறுவேறு வேகத்திற் செல்லவிடும். 1875இல் இதனைக் கண்டவர் ஸ்காத்லாந்தின் ஜான் கெர். நீண்ட வடிவுள்ள மூலக்கூறுகள் விசையின் வழியே சாய்ந்து நிற்பதே காரணம். முன்னோர் ஒவ்வொரு மூலக்கூற்றையும் சுற்றி எத்திசையிலும் ஒரே நிலை உளதாகக் கொண்டனர். நீண்ட மூலக்கூற்றை அண்டை மூலக்கூறுகள் நெருங்கும் விதம் திசைக்குத் திசை மாறும். ஆதலின் அதன்மேற் படும் விசையும் மாறும் என்று இராமனும் கிருஷ்ணனும் காட்டினர்.

இவ்வியல்பே பிற்காலத்தில் ஒளிக்குக் கதவாயிற்று. குறுக்காக வைத்த இரு முனைவாக்கிகளின் இடையே கார்பன் டைஸல்பைடு திரவத்தை நிறுத்தினால் ஒளி அப்பாற் செல்லாது. வலிய லேசர்த் துடிப்பொன்று புகுந்து மூலக்கூறுகளைச் சாய்க்கும் கணத்தில் மட்டும் கதவு திறக்கும்; அவை நிலைகுலைந்ததும் மூடும். 1969இல் அமெரிக்காவில் துகேயும் ஹான்சனும் இங்ஙனம் செய்த கதவு ஏறக்குறைய 10 பிகோசெகண்டே திறந்திருந்தது. பிகோசெகண்டு என்பது விநாடியின் இலட்சங் கோடியில் ஒரு பங்கு. அதற்குள் ஒளி செல்லும் தூரம் 0.3 மில்லிமீட்டர். எனவே கடிகாரம் வேண்டியதில்லை. அளக்க வேண்டிய ஒளி வரும் பாதையைக் கண்ணாடியை நகர்த்திச் சிறிது சிறிதாக நீட்டி, கடந்து வரும் ஒளியைக் குறித்துக்கொண்டால் துடிப்பின் உருவம் வெளிப்படும். அதனினும் குறுகிய துடிப்புகளுக்குத் திரவத்தின் வேகம் போதாமையால், 1993இல் டிரபினோவும் கேனும் கண்ணாடிப் பொருளில் எலெக்ட்ரான்களின் கெர் விளைவைக் கொண்டு, நிறப்பிரிகையுடன் சேர்த்து அளந்தனர்.

கிருஷ்ணன் டாக்காவிற் படிகங்களின் காந்தவியல்பை ஆராய்ந்தார். 1940இல் ராயல் ஸொஸைட்டி அங்கத்தினரானார். 1946இல் ஸர் பட்டம் பெற்றார். 1947 முதல் புதுதில்லித் தேசியப் பௌதிக ஆய்வுசாலையின் முதல் தலைவர். இந்திய நாட்டின் நேரத்தைக் காக்கும் நிலையம் அதுவே. முதல் லேசர் ஒளிர்ந்தது 1960இல். அடுத்த வருஷம் ஜூன் 14ஆம் தேதி, அப்பதவியிலிருக்கும்போதே, அவர் காலமானார்.